செத்த வீட்டில் சொல்லாமல் வந்தவள்

பேர்பெச்சுவா வேலை பார்த்த கொம்பனி ஊர்களைத் தின்றது. இதில் மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கு ஜேர்மனியில், போலந்து எல்லைக்குக் கிட்ட, நிலக்கரிக்காகத் தோண்டிய குழி ஒன்று கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வாயைப் பிளந்தபடி கிடந்தது. அதன் ஓரத்தில் நின்ற இயந்திரம் தேவாலயக் கோபுரத்தைவிட உயரம். சக்கரத்தில் கோத்த இரும்பு வாளிகள் இரவு பகல் பாராமல் மண்ணைப் பிய்த்தெடுத்தன. வயலென்றும் காடென்றும் கிணறென்றும் அவற்றுக்கு வேறுபாடு இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரித்தான் பல்லைப் பதித்தன. குழி இப்போது டுப்னிட்ஸ் என்ற ஊரின் வாசலுக்கு வந்திருந்தது.

டுப்னிட்ஸ்காரர் சோர்பியர்கள். ஜேர்மன் மொழி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே அந்த மண்ணை உழுதவர்கள். சொந்த மொழி, சொந்தப் பாட்டு, சொந்தச் சாவுச் சடங்கு என்று இன்றுவரை இருப்பவர்கள். அவர்களோடு பேசிப் பழகி, மனம் ஒப்பவைத்து, கொம்பனி கட்டிய புது வீடுகளுக்குக் குடிபெயர்ப்பதுதான் பேர்பெச்சுவாவின் வேலை. "பூர்வகுடி உறவும் ஊர்ப் பங்காண்மையும்" என்ற பொருளில் நீளமான ஜேர்மன் சொல் ஒன்று அவள் அறைக் கதவில் ஒட்டியிருந்தது.

அவளை வேலைக்கு எடுத்தவர் குடிபெயர்ப்புப் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் வெஸ்ற்பால். சட்டம் படித்தவர். நேர்முகத் தேர்வில் அவளுடைய தாள்களைப் புரட்டிவிட்டு, "ஊரை இழக்கிறதெண்டால் என்னவெண்டு உனக்குத் தெரியுமோ எண்டு உங்களை ஒருத்தரும் கேட்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல சாமான் மலிவாகக் கிடைத்தவரின் சிரிப்பு அது.

அவர் சொன்னது உண்மைதான். மன்னாரின் தெற்குக் கரையில் பிறந்தவள் அவள். தொண்ணூறாம் ஆண்டு, அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, துவக்கோடு வந்தவர்கள் ஊரைக் கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அண்ணன் றெக்ஸை முடியில் பிடித்து வெளியே இழுத்தார்கள். துவக்குப் பிடியால் முழங்காலில் தொடங்கி மேலே போனார்கள். றெக்ஸ் கடலில் வலை இழுத்த உடம்பு, இலேசில் அடங்கவில்லை. அடங்கும்வரை அடித்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. சித்தப்பா நின்றார், வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டியார் நின்றார், ஞாயிறு தோறும் பூசையில் பாடிய குரல்களெல்லாம் வாய் மூடி நின்றன. அவள் வாயை அம்மாவின் கை பொத்தியிருந்தது. அடித்தவர்களின் முகம் அவளுக்கு மறந்துபோயிற்று. நின்றவர்களின் முகம் ஒன்றுகூட மறக்கவில்லை.

பதினாறு வயதில் அக்கா அஞ்சலாவோடு ஹனோவருக்கு வந்தாள். முதியோர் பராமரிப்பில் Ausbildung என்ற தொழிற்பயிற்சியை முடித்து, வேலை செய்துகொண்டே சமூகப்பணி படித்து, அகதி முகாமொன்றில் பல ஆண்டு இருந்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த இடத்தில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தாள். ஒரு வீட்டுக்கு முதற்தரம் போனால் உடன்படிக்கை பற்றி மூச்சும் விடமாட்டாள். உங்கள் ஆட்கள் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்று கேட்பாள். கல்லறைக்கு அவர்களோடு நடந்து போவாள். எலும்புகளை யார் தோண்டுவது, யார் தொடுவது, எந்தப் பாட்டோடு புது இடத்தில் வைப்பது என்பதையெல்லாம் ஊரே தீர்மானிக்கட்டும் என்று கொம்பனியோடு மல்லுக்கட்டி அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தாள். அதனால் வீடு வீடாகக் கையெழுத்து விழுந்தது. விழுந்த வீட்டை மறு மாதமே இடித்தார்கள். அவள் போய் நின்று பார்ப்பாள். கூரை உள்ளே விழும் சத்தத்தைக் கேட்காமல் சம்பளம் வாங்குவது சரியில்லை என்பது அவள் எண்ணம்.

கடைசியில் ஒரு வீடு மிஞ்சியது. ஹன்ட்றி என்ற கிழவரின் வீடு. மனைவி ஹங்கா, மகன் பேனோ. வழக்குப் போட்டு எடுப்பதென்றால் ஆண்டுக்கணக்கில் இழுபடும். நிலக்கரிக்கோ அரசாங்கம் முடிவுநாள் குறித்துவிட்டது. "அந்தக் கையெழுத்தை வாங்குங்கோ, இந்தப் பகுதி முழுக்க உங்கட கையிலை" என்று வெஸ்ற்பால் சொல்லியிருந்தார். பேர்பெச்சுவாவுக்கும் அந்த நாற்காலியில் ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மாசிக் கடைசியில் ஹங்கா இறந்துபோனாள். ஹன்ட்றி பேர்பெச்சுவாவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"அவளைப் புதைச்சு, கோப்பி குடிச்சு, சனம் வீட்டுக்குப் போகும்வரைக்கும் உங்கட மெசின் ஒண்டின்ரை சத்தமும் எனக்குக் கேக்கப்படாது. ஏலுமோ?"

அவள் வெஸ்ற்பாலிடம் கேட்டாள். "நிச்சயமாக" என்றார் அவர். அவள் ஹன்ட்றிக்குத் திருப்பி எடுத்து, "என்ரை வாக்கு" என்றாள். அவளுடைய தொழிலில் அதைவிட வேறு சரக்கு கிடையாது.

கறுப்பு உடுத்துக்கொண்டு போங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளுக்குச் செத்த வீடென்றால் வெள்ளை. வெள்ளைச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். போனால் அங்கே ஊரெல்லாம் கறுப்பில் நிற்க, மிக வயதான இரண்டு கிழவிகள் மட்டும் வெள்ளைத் துணி போர்த்து நின்றார்கள். சோர்பியரின் பழைய துக்க நிறம் வெள்ளை. கிழவிகள் அவளைத் தங்கள் நடுவில் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். பேனோகூட அன்றைக்குத்தான் முதற்தரம் அவளுக்குத் தலையசைத்தான். நாற்பது வயது, நெடிய ஆள், தாயின் சவக்குழியைத் தன் கையாலேயே வெட்டியவன்.

அடக்கம் முடிந்து வீட்டில் கோப்பி கொடுத்தார்கள். அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் பேர்பெச்சுவா எழும்பினாள். ஒருவரிடமும் விடைபெறவில்லை. தலையைக் குனிந்தபடி பின்கதவால் இறங்கி நடந்தாள். எங்கள் சனத்தில் பிறந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள். செத்த வீட்டில் நின்று "போட்டு வாறன்" என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வாறன் என்றல்லவா ஆகும்? அது அவள் யோசித்துச் செய்ததல்ல. கால் தானாகச் செய்தது.

அவள் ஊர் எல்லையில் விட்டிருந்த காருக்குப் போய்ச் சேரவில்லை, மரம் அரியும் மெசின்கள் உறுமத் தொடங்கின. ஹன்ட்றியின் வீட்டுக்கு வரும் பாதையோரம் இருபுறமும் ஓக் மரங்கள் நின்றன. பாதை ஏற்கெனவே கொம்பனிக்குச் சொந்தம். காதுமூடி போட்ட ஐந்தாறு பேர் அடிமரத்தில் வாளை இறக்கினார்கள். முதல் மரம் முறிந்து சாயும்போது துவக்கு வெடித்தது போலக் கேட்டது. வெள்ளை மரத்தூள் இரத்தம் பீறுவதைப் போலப் பாதையில் பாய்ந்தது.

அவள் ஓடிப்போய் ரெலிபோனில் வெஸ்ற்பாலைப் பிடித்தாள்.

"பங்குனி பிறந்தால் பறவை கூடு கட்டிற காலம், மரம் வெட்டச் சட்டம் விடாது, உங்களுக்கே தெரியும்" என்றார். "சனம் முழுக்க ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிற நேரம் வேறை எப்ப கிடைக்கும்? முதலே சொல்லியிருந்தால் நீங்கள் அங்கை போயிருக்கமாட்டியள். நீங்கள் போனபடியால்தான் அவங்கள் நம்பி இருந்தவங்கள்."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோது முதல் அடி விழுந்தது.

பின்னால் இருந்து, இடக் காதோடு சேர்த்து. வெட்டி விழுத்திய மரத்தின் கொம்பொன்று, மணிக்கட்டுத் தடிப்பு. ரெலிபோன் பறந்தது. முழங்காலில் விழுந்து திரும்பினாள். பேனோ. சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டு, அதில் தாயின் குழி மண்.

"அம்மாவை வைச்சே எங்களைக் கட்டிப் போட்டியோ? வெள்ளை உடுத்து வந்து, கோப்பி குடிச்சு, சத்தம் கேக்க முதல் கள்ளன் மாதிரி நழுவினாய், என்ன?"

இரண்டாவது அடி தாடையில். எலும்பு முறிந்ததை அவள் காதால் கேட்கவில்லை, மண்டைக்குள்ளே கேட்டாள். வாய்க்குள் பல்லொன்று கழன்று நாக்கில் கிடந்தது. கையைத் தூக்கினாள், கையில் விழுந்தது. மரம் வெட்டியவர்கள் முதுகு காட்டிக்கொண்டு, காதுமூடியோடு தங்கள் பாட்டில் அரிந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு ஓக் சாய்ந்தது. அது விழுந்த இடைவெளியால் வீட்டின் வாசற்படலை தெரிந்தது. படலையில் ஹன்ட்றி நின்றார். தொப்பி கையில் இருந்தது. நன்றாகப் பார்க்கும் தூரம். பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அடுத்தது கண்ணில். கொம்பின் முறிந்த நுனி உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகுதான் படலையிலிருந்து "பேனோ!" என்ற கத்தல் கேட்டது. கொம்பு விழுந்தது, ஆள் ஓடினான். வாள்காரர் கடைசியில் திரும்பிப் பார்த்தபோது, வெள்ளைச் சேலை சிவப்பாகிக் கிடந்த ஒருத்தியை மட்டுமே கண்டார்கள்.

நகரத்து மருத்துவமனையில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். இடக்கண் இனி இல்லையென்று சொன்னார்கள். அஞ்சலா ஹனோவரிலிருந்து ரயிலேறி வந்து, கட்டிலருகே இருந்து வாய் ஓயாமல் திட்டினாள்.

"நாசமாப் போவான், அவன்ரை கை அழுகிப் போக. எடி, உனக்கு அங்கை என்ன வேலை? கிழடுகளைக் கழுவித் துடைச்சுக்கொண்டு ஹனோவரிலை இருந்திருக்கலாம். இப்ப பார், குழாயாலை சூப்பு உறிஞ்சிறாய். எங்கட வீட்டிலை வாயாலை கெட்டவள் நானெண்டு அம்மா சொல்லுறவ. கம்பி கட்டினது உனக்கு."

பேர்பெச்சுவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போனது. பல்லுக்குள்ளால், "நான் நழுவினனாம்" என்றாள்.

"என்னெண்டு?"

"சொல்லாமல் வந்தனான் தானே."

அஞ்சலா சூப்புக் கோப்பையை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "செத்த வீட்டிலை பின்னை என்னெண்டு சொல்லுறது?" என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்தினாள். "ஐயோ பேர்பே. அவங்களுக்கு அது தெரியாதே."

"எனக்கு அது தெரிஞ்சிருக்க வேணும். அதுக்குத்தான் சம்பளம்."

மறுநாள் காலை, அஞ்சலா சாப்பிடக் கீழே போயிருந்த நேரம், வெஸ்ற்பால் பூங்கொத்தோடு வந்தார். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ் மத்தியானத்துக்கு முன் வருகிறதாம். நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார்.

"ஆரெண்டு நீங்கள் பார்த்தியள். வேறை ஒருத்தரும் பார்க்கவில்லை. பேனோ தானில்லையெண்டு சொல்லிக்கொண்டிருக்கிறான். பின்னாலை இருந்து விழுந்தது, முகம் தெரியவில்லையெண்டு நீங்கள் சொன்னால் அதோடை முடிஞ்சுது. கிழவர் வெளியிலை இருக்கிறார். உடன்படிக்கை என்ரை பையிலை இருக்கு. மகன் வீட்டிலை, வீடு எங்களிட்டை, நாற்காலி உங்களிட்டை. ஒருத்தருக்கும் நட்டமில்லை."

அவள் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். "அவரை உள்ளை விடுங்கோ. தனிய."

ஹன்ட்றி ஊன்றுகோலோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பார்த்தபின் கண்ணை எடுக்கவில்லை.

"நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். "வீட்டை எடுங்கோ, கிணத்தை எடுங்கோ. அவளைப் புதைச்ச இடத்தையும் கிண்டுங்கோ. அவனை விடுங்கோ."

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

கிழவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "முதல் அடியிலை எனக்கு நல்லா இருந்தது. சந்தோசமா இருந்தது. இன்னும் குடு எண்டு மனம் சொல்லிச்சு. பிறகு உங்கட முகம் எங்கடை பக்கம் திரும்பிச்சு. அதுக்குப் பிறகும் நிண்டனான்." மூச்சு வாங்கினார். "நீ கை தராமல் போனாய். என்ரை மனுசியின்ரை நாளிலை. எங்கடை வீடுகளிலை கை தராமல் போறது கள்ளர்தான்."

அவள் சொன்னாள். பல்லைக் கடித்தபடி, ஒவ்வொரு சொல்லாக. தங்கள் ஊரில் சாவு வீட்டில் விடைபெறுவதில்லை, திரும்பி வருவேன் என்று அங்கே சொன்னால் சாவு திரும்பி வரும் என்ற பயம், அந்த வீட்டுக்கு இன்னொரு சாவு வரக்கூடாதென்றுதான் வாயை மூடிக்கொண்டு போவார்கள் என்று.

ஹன்ட்றி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தொண்டையிலிருந்து சிரிப்பா செருமலா என்று தெரியாத ஒன்று வந்தது.

"அப்ப மரங்கள்?"

"எனக்குத் தெரியாது. என்னை உங்கட வீட்டிலை இருத்திப்போட்டு வெட்டச் சொன்னது வெளியிலை இருக்கிற ஆள். அவரே சொன்னவர். அவர் சொல்லிக்கொண்டிருக்கேக்கைதான் உங்கட மகன் அடிச்சவன்."

"அவனை விடுங்கோ" என்று மறுபடியும் சொன்னார், மெல்லமாக.

"விடமாட்டன். அவன் என்ரை கண்ணை எடுத்தவன். அவன்ரை பேரைச் சொல்லுவன். நீங்கள் நிண்டதையும் சொல்லுவன். வெளியிலை இருக்கிற இந்தாள் என்னத்தை விக்கப் பார்த்தவரெண்டும் சொல்லுவன். பிறகு உங்கட கையெழுத்துக்கு விலையாக் குடுக்க அவரிட்டை ஒண்டும் இல்லை. உங்கட வீடு உங்கட வீடு."

"மகன் இல்லாத வீடு."

"ஓம்."

கிழவர் திரும்பினார். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நடைபாதைக்குப் போனார். எதிர்ச் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்து வெஸ்ற்பால், மடியில் தாள்களை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி ஆயத்தமாக இருந்தார். கிழவரைக் கண்டு சிரித்தபடி எழும்பினார்.

ஊன்றுகோலின் வளைந்த கைப்பிடி அவர் மூக்கில் இறங்கியது.

பேர்பெச்சுவா அதைக் கட்டிலிலிருந்தே முழுதாகப் பார்த்தாள். கண்ணாடி இரண்டாகிப் பறந்தது. இரத்தம் தாள்களில் கொட்டிற்று. அவளுடைய உடம்புக்குள்ளே, முறிந்த எலும்புக்கு அடியில், இளஞ்சூடாக ஒன்று பரவியது. இனித்தது. இரண்டாவது அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. வெஸ்ற்பால் சுவரோடு சரிந்தார். இன்னும் குடு, என்றது அவள் மனம். கிழவருக்கு ஓக் மரத்தில் கோடரி போட்ட கைகள். கீழே கிடந்தவரின் நெஞ்சில் அடுத்தது விழுந்தது; வெஸ்ற்பால் குழந்தையைப் போல முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவள் நடைபாதையின் மற்றவர்களைக் கண்டாள். மருந்து வண்டியைப் பிடித்தபடி ஒரு தாதி. இரவுடையில் இரண்டு நோயாளிகள். பூக்கொண்டு வந்த ஒரு பெண். எல்லோரும் நின்றார்கள். அந்த முகங்களை அவளுக்குத் தெரியும். கோயில் முற்றத்தில் வரிசையாக நின்ற முகங்கள். அந்த வரிசையில் அவளும்தான் இருந்தாள், இப்போது வாயைப் பொத்த ஒருத்தரின் கையும் இல்லாமல்.

"போதும்!"

தமிழில்தான் வந்தது. தாடைக் கம்பி பல்முரசைக் கிழித்தது. சூடான இரத்தம் நாடியில் வழிந்தது. கட்டிலை விட்டு இறங்கி, ஊசி குத்திய கை இழுபட, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். "போதும்! விடுங்கோ அவரை!"

ஹன்ட்றிக்கு அந்தச் சொல் விளங்க வாய்ப்பில்லை. ஆனால் ஊன்றுகோல் மேலே போன இடத்திலேயே நின்றது. அவர் திரும்பி, இரத்தம் ஒழுகும் அவள் வாயைப் பார்த்தார். பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டு, வெஸ்ற்பாலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். தாதி அப்போதுதான் ஓடினாள்.

வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரி மின்தூக்கியால் இறங்கியபோது கண்டது இதைத்தான். ஒருவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றுகிறார்கள், கிழவர் தாமாகவே இரண்டு கையையும் நீட்டுகிறார், கதவடியில் ஒற்றைக் கண் பெண்ணொருத்தி வாயில் துணியை அமத்தியபடி நிற்கிறாள். இளம் பெண், வேலைக்குப் புதிது போல. "உங்களாலை இப்ப பேச ஏலாது, நாளைக்கு வாறன்" என்றாள்.

"இப்ப" என்றாள் பேர்பெச்சுவா.

தாதிமார் இரத்தத்தைத் துடைத்து, கட்டிலில் சாய்த்து விட்டார்கள். அஞ்சலா மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பொலிஸ்காரி பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள். பேர்பெச்சுவா பேனோவின் பெயரைச் சொன்னாள். கொம்பைச் சொன்னாள், படலையைச் சொன்னாள், வெஸ்ற்பால் பூங்கொத்தோடு வந்து கேட்டதைச் சொன்னாள். இனி அந்தக் கொம்பனியில் தனக்குக் கதவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னாள். அஞ்சலா நடுவில் ஒருமுறை, "பாவமடி அந்தக் கிழவன்" என்று தமிழில் முணுமுணுத்தாள். அவள் நிறுத்தவில்லை.

"சற்று முன்னம் வெளியிலை நடந்ததையும் நீங்கள் பார்த்தியள்?" என்று கேட்டாள் பொலிஸ்காரி.

"ஓம். முதலடியிலை இருந்து."

"நீங்கள்தான் கத்தி நிற்பாட்டினதெண்டு தாதி சொல்லுறா. அது சரிதானே?"

"சரி. ஆனால் மூண்டாவது அடிக்குப் பிறகு" என்றாள் பேர்பெச்சுவா. "அதுவரைக்கும் நான் பார்த்துக்கொண்டு இருந்தனான். அதையும் எழுதுங்கோ."